சைக்கிள் சட்டம் வாங்கிய வரலாறு

சட்டம் என்னும் சொல்லைத் தலைப்பிற் கண்டவுடன், சட்டசபையைக் குறித்தோ நீதிமன்றத்தைக் குறித்தோ இவன் எழுதப் புகுந்தான் என்று அன்பர்கள் கருதுதல் கூடும். அத்துணைப் பெரிய பொருளைக் கையாளும் துணிவு எனக்கில்லை. ஈண்டு யான் கூறப்போவது சைக்கிளின் சட்டத்தைப் பற்றியே. கடைக்காரர் இதனைப் 'பிரேம்' என்பர். சக்கரம், சங்கிலி, மிதி, இருக்கை ஆகிய யாவற்றையும் தாங்கி நிற்பது இது. மற்றவை தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். சட்டம் முறிந்துபோமாயின் எஞ்சியவை வண்டியாகா, வெறும் உறுப்புக்களின் குவியலே ஆகும். அத்தகைய சட்டம் ஒன்றைப் புதிதாகவும், எங்கள் கைப்பொருளுக்கு இயைந்த விலையிலும் தேடி, வேலூர் முதல் பேரணாம்பட்டு வரை அலைந்த செய்தியையும், அவ்வலைச்சலால் யான் அறிந்துகொண்ட சிலவற்றையும் இங்கு எழுதுகின்றேன்.

ஆம்பூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் எங்கள் இல்லம் உள்ளது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று தொடரும் எங்கள் பக்கத்து ஊர்களுக்குத் தோலே வாழ்வு. என் தந்தையார் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கின்றார். தாயார் காலணித் தொழிற்சாலையில் மேற்றோல் தைக்கின்றார். தாயாரையும் அவருடன் வேலை செய்யும் பெண்டிரையும் ஏற்றிச் செல்லத் தொழிற்சாலைப் பேருந்து சாலை முனைக்கு வரும். தந்தையாருக்கு அவ்வசதி இல்லை. காலை 6 மணிக்குத் தொடங்கும் வேலைக்கு 9 கிலோமீட்டர் செல்லுதல் வேண்டும். அந்நேரத்தில் எங்கள் ஊர் வழியே பேருந்து ஓடுவதில்லை. என் பாட்டனார் வாங்கிய கறுப்பு நிறச் சைக்கிளே நாற்பதாண்டுகளுக்கு மேலாக அவ்வழியை எங்கள் குடும்பத்துக்குச் சுருக்கித் தந்தது.

சென்ற ஐப்பசி மழையில் அதன் சட்டம் முறிந்தது. மிதியச்சு ஓடும் இடத்திற்குச் சற்று மேலே, இருக்கையைத் தாங்கும் குழாய் அறுந்துபோயிற்று. முன்னரும் இருமுறை வேறு மூட்டுக்களில் விரிசல் கண்டபோது, ஆம்பூரில் பற்றவைக்கும் தொழிலாளி ஒருவர் அதனைச் செப்பஞ்செய்து கொடுத்ததுண்டு. இம்முறை அவர் அறுந்த வாயைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். உட்புறம் துருவேறிக் குழாயின் சுவர் தகரம்போல் மெலிந்திருந்தது. "அண்ணே, பித்தளை நல்ல இரும்பைத்தான் பிடிக்கும், துருவைப் பிடிக்காது. காசை வாங்கிக்கொண்டு உங்களை நடுவழியில் தள்ளிவிட எனக்கு மனமில்லை" என்று கூறி வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

துருவிற்குக் காரணம் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. பச்சைத்தோல் அழுகிப்போகாமல் இருக்க உப்பிட்டே வைக்கப்படுகின்றது. பதனிடுமுன் அவ்வுப்பை உதறியும் கழுவியும் நீக்குவர். உப்புநீர் ஊறிய தரையில் நாடோறும் நின்ற வண்டி அது. உப்புநீர் சொட்டும் உடையோடு அதன்மீது ஏறி வந்தவர் என் தந்தையார். நாற்பதாண்டில் இரும்பு அரிபடாமல் இருப்பது எங்ஙனம்? எங்கள் பக்கத்து நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தவற்றுள் இவ்வுப்பும் ஒன்றாகும். தோற்சாலைக் கழிவுநீரைக் குறித்து வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், உச்சநீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பளித்ததைப் பலரும் அறிவர். பாலாற்றுக்காக வழக்காட ஒரு மன்றம் இருந்தது. ஏழையின் சைக்கிளுக்காக வழக்காட எவர் உளர்?

மூன்று வாரம் தந்தையார் நடந்தே வேலைக்குச் சென்றார். விடியற்காலை 4 மணிக்குப் புறப்படுவார். மாலையில் வந்ததும் திண்ணையில் அமர்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருப்பாரேயன்றி ஒன்றும் பேசமாட்டார். சனிக்கிழமைதோறும் விடுதியிலிருந்து இல்லம் செல்லும் எனக்கு அவர் பேசாமையே பெருஞ்சுமையாய் இருந்தது.

எங்கள் முன் இருந்த வழிகள் மூன்று. முதலாவது, பழைய மொபெட்டு ஒன்றைத் தவணைக்கு வாங்குதல். கடன் கொடுப்பவர் வீடு தேடி வந்தே இதனை எடுத்துரைத்தார். மாதந்தோறும் தவணை, நாடோறும் பெட்ரோல் என்று கணக்கிட்ட தாயார், அவருக்குத் தேநீர் கொடுத்து வழியனுப்பிவிட்டார். இரண்டாவது, புதிய சைக்கிள் வாங்குதல். என் தந்தையார் ஏறத்தக்க உறுதியான வண்டியின் விலை 6,000 ரூபாய்க்குக் குறையவில்லை. மூன்றாவது, சட்டத்தை மட்டும் புதிதாக வாங்கிப் பழைய உறுப்புக்களை அதில் பூட்டிக்கொள்ளுதல். மகளிர் குழுவில் தாயார் சேர்த்திருந்த 2,000 ரூபாயும், கட்டுரைப் போட்டியில் யான் பெற்ற பரிசு 1,000 ரூபாயுமாக 3,000 ரூபாயே எங்கள் முதல். பதினொன்றாம் வகுப்பிற் பயிலும் என் தங்கைக்கு அரசினர் அளித்த விலையில்லாச் சைக்கிள் ஒன்று வீட்டில் உண்டு. தமிழ்நாட்டில் 2001-2002-ஆம் ஆண்டில் தொடங்கிப் பின்னர் விரிந்த அத்திட்டத்தால் பள்ளிப் படிப்பை விடாமற் காத்துக்கொண்ட பெண்மக்கள் பலராவர். எனினும், தந்தை வேலைக்குச் செல்ல மகள் பள்ளிக்கு நடப்பதென்பதை எங்கள் வீட்டில் ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை.

பழைய வண்டியின் உறுப்புக்களைத் துறக்க மனம் வாராமைக்கு வேறொரு காரணமும் உண்டு. பின்சக்கரத்தின் ரிம்மும் கம்பிகளும் ஈராண்டுக்கு முன்னர் மாற்றியவை. இருக்கையின் தோலோ என் தந்தையார் தம் கையாலேயே வெட்டி, நனைத்து, இழுத்து, ஆணி தைத்து அமைத்தது. இக்காலத்துத் தோற்சாலைகளில் பெரும்பாலும் குரோமிய உப்பால் தோல் பதனிடுகின்றனர். அது மென்மையானது, காலணிக்கு ஏற்றது. சைக்கிள் இருக்கைக்கு வேண்டுவது மரப்பட்டைச் சாற்றில் ஊறிப் பதப்பட்ட தடித்த தோல். ஒருவர் உடலின் பாரத்துக்கு ஏற்ப நாளடைவில் வளைந்து, வளைந்த வடிவிலேயே நிற்பது அதன் இயல்பு. ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்ட பழந்தொழிலின் பெருமையை எங்கள் ஊரில் இன்று காட்டக்கூடிய பொருள் வேறு யாதும் எனக்குத் தெரியவில்லை. அவ்விருக்கை ஒன்றே உண்டு.

இனி, எத்தகைய சட்டம் வேண்டும் என்பதைக் கூறுதல் முறையாகும். சைக்கிள் சட்டம் குழாய்களால் ஆயது. குழாயும் குழாயும் சந்திக்கும் மூட்டுக்களைப் பெரும்பாலும் இரு முறைகளில் இணைப்பர். ஒன்று, இரண்டு குழாய்களின் வாயையும் உருக்கி ஒன்றாக்குவது, இதுவே வெல்டிங். மற்றொன்று, குழாய் முனைகள் நுழையத்தக்க எஃகு உறை ஒன்றைச் செய்து, அதனுள் முனைகளைச் செருகி, உறைக்கும் குழாய்க்கும் இடையே உள்ள மயிரிழை இடைவெளியில் பித்தளையை உருக்கி ஓடவிடுவது. இவ்வுறைக்கு 'லக்கு' என்று பெயர். எஃகு உருகுவதற்கு ஏறத்தாழ 1,500 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். பித்தளைக்கு 900 பாகையளவே போதும். ஆதலால் இரண்டாம் முறையில் குழாய்கள் உருகுவதில்லை. பித்தளை மட்டுமே உருகி இருபுறமும் பற்றிக்கொள்கின்றது.

தமிழ் பயிலும் மாணவனுக்கு இவ்விடத்தில் புணரியல் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. பொன் என்பதும் குடம் என்பதும் புணரும்போது னகரம் றகரமாய்த் திரிந்து பொற்குடம் என்றாகின்றது. வெல்டிங் அத்தகையது. பல என்பதும் ஐ என்பதும் புணரும்போதோ, இடையே வற்று என்னும் சாரியை வந்து நின்று, இரண்டனையும் தாங்கிப் பலவற்றை என்றாக்குகின்றது. லக்கு அத்தகையது. சாரியைக்குத் தனிப்பொருள் இல்லை. எனினும் அஃது இல்லையாயின் சொல் நில்லாது. திரிதலை யான் குறைகூறவில்லை. பொற்குடமும் அழகிய சொல்லே. நன்கு வெல்டிங் செய்த சட்டமும் உறுதியானதே; எடையிற் குறைந்தது; செய்வதும் எளிது. உலகில் இன்று செய்யப்படும் சைக்கிள்களுட் பெரும்பாலன அவ்வகையினவே. ஆயினும் மெல்லிய குழாயாலோ அலுமினியத்தாலோ செய்த சட்டம் முறியுமானால், எங்கள் ஊர்த் தொழிலாளியின் அடுப்புக்கும் ஊதுகுழலுக்கும் அது வசப்படுவதில்லை. லக்கு வைத்த எஃகுச் சட்டத்திலோ, மூட்டைச் சூடேற்றினால் பித்தளை இளகும். கெட்ட குழாயை வாங்கிவிட்டு நல்ல குழாயைச் செருகலாம். பாட்டனார் வண்டி இருமுறை பிழைத்தது இவ்வாறே.

இம்முறை பழமையானது. 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் காவென்டிரி நகரில் ஸ்டார்லி என்பவர் 'ரோவர்' என்னும் பெயரில் இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒத்த அளவினதாகிய வண்டியை வெளியிட்டார். சில ஆண்டுகளில் சட்டம் இன்று நாம் காணும் சாய்சதுர வடிவை எய்திற்று. நாட்டிங்காம் நகரத்து ராலே முதலிய பெருந்தொழிற்சாலைகள் லக்கு வைத்த சட்டங்களை இலட்சக்கணக்கில் செய்து உலகெங்கும் அனுப்பின. நம் நாட்டிலும் இத்தொழில் வேரூன்றியது. சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை 1949-இல் நிறுவப்பெற்றது. சோனிபட்டில் அட்லஸ் 1951-இலும், லூதியானாவில் ஹீரோ 1956-இலும் தோன்றின. பால்காரரும், தபால்காரரும், ஆசிரியரும், ஆலைத் தொழிலாளரும் ஏறிய கறுப்பு வண்டிகளெல்லாம் லக்கு வைத்த சட்டத்தின் மீதே ஓடின. பின்னர்க் காலம் மாறிற்று. நாட்டிங்காமில் ராலே 2002-இல் சைக்கிள் செய்வதை நிறுத்திற்று. சாகிபாபாத்தில் இருந்த அட்லஸ் தொழிற்சாலை 2020-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் வேலையை நிறுத்திற்று. அந்நாள் உலகச் சைக்கிள் நாளாகவும் அமைந்தது வருந்தத்தக்க பொருத்தமே.

மேனாட்டில் இச்சட்டம் அடைந்த நிலை வேறு. கலிபோர்னியாவில் 1994-இல் தோன்றிய ரிவெண்டெல் என்னும் சிறு நிறுவனம், லக்கு வைத்த எஃகுச் சட்டங்களையே விரும்பிச் செய்வித்து விற்று வருகின்றது. அங்கே சட்டம் மட்டும் ஆயிரம் டாலரைத் தாண்டும். அதனை வாங்குவோர் அதன் மூட்டுக்களின் அழகைக் கண்டு மகிழும் சுவைஞர். ஓரிடத்தில் செல்வர் போற்றும் அருங்கலையாய் உள்ள ஒன்று, லூதியானாவிலிருந்து இன்றும் எளியவர்க்குரிய வண்டியாய் நம்மிடம் வந்துகொண்டிருக்கின்றது. அங்ஙனமாயின் அது எளிதிற் கிடைக்குமன்றோ என்று எண்ணியே யான் தேடப் புறப்பட்டேன்.

வேலூரில் மூன்று கடைகளில் வினவினேன். முதற்கடையில், "பிரேம் தனியாக வராது, முழு வண்டி வேண்டுமானால் சொல்" என்றனர். இரண்டாம் கடையில் சட்டம் ஒன்றை எடுத்துக் காட்டினர். அது 26 அங்குலச் சக்கரத்துக்கு உரியது. எங்கள் சக்கரங்களோ 28 அங்குலம். தடையும் கம்பி பிரேக்கு. மூன்றாம் கடையில் இருந்த இளைஞர், லக்கு என்பது யாது என்று என்னையே கேட்டார். அறிந்துகொள்ளும் விருப்பத்தோடு கேட்டமையால் யானும் விளக்கிக் கூறினேன். குடியாத்தத்தில் ஒருவர் பழைய சட்டத்துக்குப் புதுவண்ணம் பூசிப் புதியதெனக் காட்டினார். மிதியச்சுக் குழலினுள் விரலை விட்டுப் பார்த்தேன்; விரல் செந்நிறமாய் வெளிவந்தது. ஆம்பூரிலும் கிடைக்கவில்லை. இறுதியில், பற்றவைக்கும் தொழிலாளி கூறிய குறிப்பைக்கொண்டு பேரணாம்பட்டில் ஒரு சந்தினுள் இருந்த பழங்கடையை அடைந்தேன். கடையின் முன்னே நான்கு வண்டிகள் தலைகீழாய் நின்றன. முதியவர் ஒருவர் சக்கரத்தின் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார்.

யான் வந்த செய்தியைக் கேட்டு அவர் நகைத்தார். "பிரேம் தனியாக வராது என்று உனக்குச் சொன்னது யார், தம்பி? லூதியானாவிலிருந்து முழு வண்டியா வருகிறது? பிரேம் ஒரு கட்டு, ரிம் ஒரு கட்டு, மட்கார்டு ஒரு கட்டு. பூட்டுகிறவன் நான்தானே?" என்றார்.

"அப்படியானால் மற்றக் கடைக்காரர்கள் மறுப்பது ஏன், பாய்?" என்று வினவினேன்.

"ஒரு வண்டியின் பிரேமை மட்டும் உனக்குக் கொடுத்துவிட்டால் மிச்ச சாமான் என்னிடம் நின்றுவிடும். வண்டி மட்டும் விற்கிறவனுக்கு அது நட்டம். எனக்கு அப்படியில்லை. ரிம்மும் பெடலும் செயினும் ரிப்பேருக்கு நாள்தோறும் போகும். ஒரு மாதத்தில் மிச்சமெல்லாம் தீர்ந்துவிடும்" என்று அவர் விடையிறுத்தார்.

யான் பல நாள் அலைந்தும் விளங்காதிருந்த செய்தி அவ்வொரு விடையில் விளங்கிற்று. புதிய சட்டம் தனியே கிடைப்பதற்கு லூதியானாவில் தொழிற்சாலை இருந்தால் மட்டும் போதாது. நம் ஊரில் பழுது பார்க்கும் கடையும் உயிரோடு இருத்தல் வேண்டும். செப்பனிடுவோன் இல்லாத ஊரில், பகுதி விற்பனைக்கு இடமில்லை; முழுமையாய் வாங்கி முழுமையாய் எறிவதே வழக்கமாகும். அங்கே இரண்டாயிரம் ரூபாயில் தீரவேண்டிய துன்பம் ஆறாயிரம் ரூபாய் ஆகின்றது. அல்லது தவணைக் கடனாகின்றது.

பெரியவர் பரண்மீதிருந்து தாளிற் சுற்றிய இரண்டு சட்டங்களை இறக்கினார். இரண்டும் 22 அங்குலம். மிதியச்சின் நடுவிலிருந்து இருக்கைக் குழாயின் மேல்வாய் வரை அளப்பதே அவ்வளவு. சட்டத்தைத் தேரும் வகையையும் அவரே கற்பித்தார். முதலில் ஒவ்வொரு லக்கின் விளிம்பையும் சுற்றிப் பார்க்க வேண்டும்; பித்தளை எங்கும் இடைவெளியின்றிப் பற்றியிருத்தல் நன்று. பின்னர் நூலொன்றை எடுத்து, பின்சக்கரம் பூட்டும் ஒரு பக்கத்து வாயிற் கட்டி, முன்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்கத்து வாயில் இழுத்துக் கட்ட வேண்டும். நூலுக்கும் இருக்கைக் குழாய்க்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒத்திருந்தால் சட்டம் நேரானது. முதற்சட்டத்தில் ஒருபுறம் அரை விரற்கடை மிகுந்திருந்தது. யான் ஒன்றும் கூறுமுன்னரே, "இது வேண்டாம், தம்பி" என்று அதனை ஒதுக்கி, மற்றதை என்னிடம் நீட்டினார். விலை 2,400 ரூபாய். மிதியச்சு, கப்பு, பால்ரஸ், கிரீசு ஆகியவற்றுக்கு 350 ரூபாய். எஞ்சியது 250 ரூபாய். "பூட்டுவதற்கு முன் குழாய்களுக்குள் எஞ்சின் எண்ணெய் கொஞ்சம் ஊற்றி நாலாபக்கமும் சாய்த்து வடித்துவிடு. உப்பு உள்ளே நுழைந்தாலும் இரும்பை எட்டாது" என்ற அறிவுரைக்கு அவர் விலை வாங்கவில்லை.

ஆம்பூர்ப் பேருந்தில் சட்டத்தை மடிமீது வைத்துக்கொண்டு அமர்ந்தேன். நடத்துநர் அதனைப் பார்த்து, "மீதி வண்டி எங்கே?" என்று கேட்டுச் சுமைச்சீட்டும் கொடுத்தார். மீதி வண்டி வீட்டில் காத்திருந்தது. அன்று மாலையே தந்தையார் பூட்டத் தொடங்கினார். என் தங்கை குண்டுகளைக் கிரீசில் அடுக்கினாள். தாயார் விளக்குப் பிடித்தார். நாற்பதாண்டு பழகிய கவர் புதிய சட்டத்தின் முன்குழாயில் ஏறிப் பொருந்தியபோது தந்தையார் அதனை இருமுறை திருப்பிப் பார்த்தார். இருக்கையைக் கடைசியாகப் பூட்டினார். "உன் தாத்தா வண்டி இதுதானா, வேறா?" என்று என்னைக் கேட்டார். மூன்று வாரத்தில் அவர் என்னிடம் வலியப் பேசிய முதற்பேச்சு அது. விடை கூற எனக்குத் தெரியவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் திங்கட்கிழமை. 5 மணி வரை உறங்கி, 5.15 மணிக்கு வண்டியேறிச் சென்றார்.

இதனைப் படிக்கும் அன்பர்களுள் சைக்கிளில் வருவோர் இன்றும் பலர் உளர். சைக்கிளில் வேலைக்குச் செல்லும் பெற்றோரை உடையவர் இன்னும் பலர். அவர்களுக்குப் பயன்படும் என்றே இவற்றை விரிவாக எழுதினேன். சட்டம் முறிந்ததென்று வண்டியையே பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வண்டிகள் தலைகீழாய் நிற்கும் கடையைத் தேடிச் செல்லுங்கள். சக்கரத்தின் அளவையும், சட்டத்தின் அளவையும், பிரேக்கின் வகையையும் குறித்துக்கொண்டு செல்லுங்கள். சிறிது நூலும் கையோடு இருக்கட்டும். விடைபெறும்போது பேரணாம்பட்டுப் பெரியவர் என்னிடம் கூறியதையும் உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். முன்னர் ஆண்டுக்கு இருபது, முப்பது சட்டங்கள் வரவழைத்த அவர், இப்பொழுது நான்கைந்துக்கு மேல் வரவழைப்பதில்லையாம். "கேட்க ஆள் வந்தால் எழுதிப்போடுவேன், தம்பி, கேட்காவிட்டால் அவர்களும் செய்யமாட்டார்கள்" என்றார். ஆதலின், வேண்டுவோர் சென்று கேளுங்கள்.